ஆறு வாளித் தண்ணீர்

அத்தியாயம் 4

"மேடம், காலையில சாப்பிட்ட இட்லி ரெண்டும் மேல வந்து, 'அண்ணே, வண்டிய நிறுத்துங்க, நாங்க எறங்கிக்கிறோம்'னு சொல்லுது" என்றான் ஃபஹீம்.

"ஸ்டாப் இல்லைன்னு சொல்லி உள்ள அனுப்பு. அந்தக் குச்சிய இங்க குடு" என்றார் சிவபாக்கியம்.

கொடைக்கானல் மலையில், பூண்டி ஊரின் மேல் தெருவில், ஜெயமுருகன் வீட்டுக் கழிப்பறைக்குப் பின்னால், உடைந்த குழாயிலிருந்து வழிந்த சாக்கடையின் ஓரத்தில் அவர் குந்தியிருந்தார். ஊர் முழுவதும் காயப்போட்ட பூண்டின் வாசனை. இந்தச் சந்துக்குள் மட்டும் பூண்டு தோற்றுப் போயிருந்தது. வெளிறிய களிமண் நிறத்தில், நுரை கட்டி, மேலே எண்ணெய்ப் படலம் மினுமினுக்க, சாக்கடையில் ஏதோ ஒன்று மிதந்துகொண்டிருந்தது. கெட்டுப்போன நெய்யையும் புளித்த பாலையும் ஒரே பானையில் மூடி வைத்துப் பத்து நாள் கழித்துத் திறந்ததுபோன்ற நாற்றம். ஈக்கள்கூட ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வேறு இடம் தேடிப் போயின.

சிவபாக்கியம் இருபத்தெட்டு வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கொடைக்கானலில் ஒரு சாக்லேட் கடையின் மாடியில் இப்போது தனியார் விசாரணை அலுவலகம் நடத்துகிறார். நெற்றியில் திருநீறு, கையில் எப்போதும் ஒரு குடை. ஃபஹீம் பத்து வருடம் டூரிஸ்ட் டாக்சி ஓட்டிவிட்டு அவரிடம் சேர்ந்தவன். டிரைவர், உதவியாளர், வாயாடி என்று மூன்று வேலைக்கும் ஒரே சம்பளம். அவன் மூக்கின் இரண்டு துளைகளிலும் யூக்கலிப்டஸ் தைலத்தில் நனைத்த பஞ்சு இருந்தது.

பத்தடி தள்ளி, தோளில் கிடந்த துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார் ஞானவேல். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருப்பவர். ஆறு வயதுக் குழந்தை சௌம்யாவின் தாய்மாமன். சௌம்யாவைப் பெற்றவள் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவள் புருஷன் ஜெயமுருகன் காய்கறி லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் ஐந்து நாள் ரோட்டில் இருப்பான். ஒன்றரை வருடத்துக்கு முன் அடுக்கம் என்ற ஊரிலிருந்து ஷர்மிளாவை இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டு வந்தான்.

"அவ காலடி எடுத்து வச்ச நாள்ல இருந்து எம் மருமக தேயுதுங்க" என்றார் ஞானவேல் துண்டுக்குள்ளிருந்து. "பாத்தீங்கல்ல? எண்ணெய் மெதக்குது. ஆக்குறது ஊருக்குக் காட்ட. புருஷன் லாரி ஏறுனதும் அம்புட்டுச் சோத்தையும் கக்கூஸ்ல கொட்டி, ஆறு வாளி தண்ணிய ஊத்தி மறைக்கிறா. புள்ளைக்குப் பட்டினி. கக்கூஸ் கதவுக்குப் பூட்டு வேற போட்டிருக்கா. உலகத்துல எவளாச்சும் கக்கூசுக்குப் பூட்டுப் போடுவாளா?"

"உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சா திருடன் பூட்டுவான், சார். திறக்க மாட்டான்" என்றான் ஃபஹீம்.

ஞானவேல் சிரிக்கவில்லை. "ரெண்டு மணிக்கு ஜீப் வருது. புள்ளையத் தூக்கிட்டு நேரா போலீஸ்ல மனுக் குடுக்கப் போறேன். நீங்க எழுதிக் குடுக்குற ரிப்போர்ட்டையும் அதோட சேக்கணும். அவ கம்பி எண்ணணும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டது."

மணி பதினொன்றரை.

சிவபாக்கியம் குச்சியைச் சாக்கடைக்குள் விட்டார். மிதந்துகொண்டிருந்ததைத் தொட்டார். அது கொழகொழவென்று உடைந்து, இரண்டாகப் பிரிந்து, மறுபடியும் மிதந்தது. ஃபஹீம் வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டு ஓங்கரித்தான்.

"திரும்பிப் பாரு ஃபஹீம். இதுல என்னென்ன தெரியுது?"

"எனக்கு எம் முன்னோருங்க எல்லாம் தெரியுறாங்க மேடம்."

"ஏலே, ஒழுங்காப் பாரு."

ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தான். "கேரட்டு... சின்னச் சின்னத் துணுக்கா. பச்சையா ஏதோ நாரு, கீரையா இருக்கும். எண்ணெய். போதுமா? இன்னும் பாத்தா நானும் அதுல கொஞ்சம் சேத்துருவேன்."

"எது தெரியல?"

"நல்ல வாசனை."

சிவபாக்கியம் எழுந்து, குச்சியை மண்ணில் குத்தி நிறுத்தினார். வேலிக்கு அந்தப்புறம் பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி கேரட் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவுவதைவிட அதிகமாக இங்கே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சோத்தக் கொட்டுறத நீங்க கண்ணால பாத்தீங்களாம்மா?"

"பாக்காமயா? கதவச் சாத்திக்கிட்டுத்தான் கொட்டுவா. சாக்கடையில ஓடி வர்றதப் பாத்தேன்ல? ஒரு நாளைக்கு நாலு தடவ. வாளி வாளியா ஊத்துவா. தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வர்ற ஊருல, இவளுக்கு மட்டும் தண்ணி பத்தாது. நாங்க அந்த வீட்டுல பச்சத் தண்ணி வாங்கிக் குடிக்கிறதில்லீங்க. குமட்டும்."

"அந்தப் பொண்ணு சமையலுக்குக் கறிவேப்பிலை போடுமா?"

சின்னத்தாயி கேரட்டை நழுவ விட்டாள். "என்னங்க கேள்வி இது? எங்கிட்டதான் ஓசியில பறிச்சுட்டுப் போவா. தாளிக்காம ஒரு நா கெடையாது."

"ரொம்ப நன்றி" என்றார் சிவபாக்கியம், ஏதோ பெரிய உதவி கிடைத்ததுபோல.

வீட்டின் முன்பக்கம் சுற்றி வரும்போது ஃபஹீம் பஞ்சை எடுத்துவிட்டு மூச்சு வாங்கினான். "சாக்கடையில இவ்வளவு நேரம் கெடந்துட்டு, கறிவேப்பிலை வெசாரிக்கிறீங்க. சமையல் குறிப்பு எழுதப் போறீங்களா மேடம்?"

"சோத்தக் கொட்டுனா அதுல என்னப்பா இருக்கும்? முழு முழு சோறு இருக்கும். கடுகு இருக்கும். கறிவேப்பிலை கண்டிப்பா இருக்கும். அந்தச் சாக்கடையில ஒரு இலைகூட இல்ல. நம்ம ஊருல கறிவேப்பிலைய யாரு திங்கிறா? தட்டோரமா ஒதுக்கிட்டுத்தான் சாப்பிடுவோம்."

ஃபஹீம் நின்றான். "அப்ப அது கொட்டுன சோறு இல்ல..."

"தின்ன சோறு. மென்னு, முழுங்கி, ஒரு வயித்துக்குள்ள போய்ட்டு வந்த சோறு. இன்னொண்ணும் யோசி. பட்டினி கெடக்குற புள்ளைக்கு, ஒரு நாளைக்கு நாலு தடவ, ஆறு ஆறு வாளி தண்ணி ஊத்துற அளவுக்கு எங்கிருந்து வரும்?"

"அல்லா! தண்டனை வாங்கிக் குடுக்க அவரு காட்டுன சாக்கடைச் சாட்சியே கட்சி மாறிருச்சா?"

அடுப்படியில் ஷர்மிளா குந்தியபடி கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். கன்னம் ஒட்டியிருந்தது. கை இரண்டும் பிளீச்சிங் பவுடரில் வெந்து தோலுரிந்திருந்தது. அவள் முதுகில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது குழந்தை. குச்சிக் கை, குச்சிக் கால், நடுவில் மட்டும் முரசுபோல உப்பிய வயிறு. உதட்டோரம் வெடித்திருந்தது. காலையில் சாப்பிட்ட அதன் தட்டு இன்னும் கழுவப்படாமல் கிடந்தது. தட்டின் விளிம்பில் கறிவேப்பிலை வரிசையாக ஒதுக்கப்பட்டிருந்தது. ஃபஹீம் அதைப் பார்த்துவிட்டு மேடத்தைப் பார்த்தான்.

"கக்கூசுக்கு ஏம்மா பூட்டு?" என்று கேட்டார் சிவபாக்கியம், தரையில் உட்கார்ந்தபடி.

ஷர்மிளா கரண்டியை நிறுத்தவில்லை. "பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வேலியோரமா வந்து எட்டிப் பாத்துச்சுங்கம்மா. மூக்கப் பொத்திக்கிட்டு ஒரு பட்டப்பேரு வச்சுக் கூப்பிட்டுச்சுங்க. அன்னைக்கு முழுக்க இவ போர்வைக்குள்ள இருந்து வெளிய வரல. அதுல இருந்து யாரும் பாக்க வேணாம்னு பூட்டிட்டேன். இவ போயிட்டு வந்ததும் நானே கழுவிருவேன். எவ்வளவு ஊத்துனாலும் முங்க மாட்டேங்குது. மெதக்குது."

"டாக்டர்கிட்டக் காட்டலையா?"

"நர்சம்மாகிட்டப் போனேன். பூச்சி மாத்திர குடுத்தாங்க. ரெண்டு தடவ குடுத்தாங்க." குரல் தாழ்ந்தது. "வெளிய சொல்லப் பயம்மா. சித்திக்காரி வீட்டுல புள்ளைக்கு வயித்தால போகுதுன்னா, நோவு என்னன்னு யாரு கேப்பா? என்னத்தக் கலந்து குடுத்தான்னுதான் கேப்பாங்க."

வாசலில் நின்ற ஞானவேலின் முகம் கோணியது. "நடிப்பு! ஏங்க, நீங்க இத நம்புறீங்களா? எங்கிட்ட ஆதாரம் இருக்கு. போன மார்கழில புள்ளைக்கும் முருகனுக்கு மாலை போட்டோம். நாப்பத்தெட்டு நாள் விரதம். தைப்பூசம் முடிஞ்சு எங்க குலதெய்வக் கோயில்ல எடைக்கு எடை வெல்லம் குடுத்தேன். பதினஞ்சு கிலோ. எங் கையால வச்சேன், தராசுத் தட்டு சமமா நின்னுச்சு. விரதத்துக்கு முந்தி பள்ளிக்கூடத்துல எடை போட்டப்ப பதிமூணு. இப்பப் பன்னெண்டரை. இதுக்கு என்ன அர்த்தம்? மாலை கெடந்த வரைக்கும் சாமிக்குப் பயந்து சோறு போட்டிருக்கா. மாலையக் கழட்டுனதும் பயம் விட்டுப் போச்சு!"

ஷர்மிளாவின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு அடுப்பங்கரையில் விழுந்தது.

சிவபாக்கியத்தின் முகத்தில் முதல் தடவையாக அருவருப்புத் தெரிந்தது. சாக்கடையைக் கிண்டியபோது அது தெரியவில்லை. ஒரு குழந்தை தேறியதைக்கூட அதற்குச் சோறு போட்டவளுக்கு எதிராகத் திருப்ப முடிகிறதே என்ற குமட்டல் அது. ஆனால் அவர் குரலை உயர்த்தவில்லை. நஞ்சைத் தொண்டையிலேயே நிறுத்திய, அவர் கும்பிடும் சாமி அவருக்கு முதலில் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

"உங்க துண்டக் குடுங்க சார்."

ஞானவேல் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். புதிய தேங்காய்ப்பூத் துண்டு. சிவபாக்கியம் அதைத் தட்டில் விரித்து ஒரு தம்ளர் தண்ணீரை ஊற்றினார். துண்டு முழுவதையும் உறிஞ்சிக்கொண்டது. பிறகு பக்கத்தில் கிடந்த காலிப் பால் கவரைச் சாய்வாகப் பிடித்து, அதன்மேல் இன்னொரு தம்ளரை ஊற்றினார். அத்தனையும் வழிந்து தரையில் ஓடியது.

"நம்ம குடலோட உள்பக்கம் இந்தத் துண்டு மாதிரி. பூப்பூவா, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடிசா, கோடிக்கணக்குல நீட்டிக்கிட்டு நிக்கும். வாய் அரைக்குது, இரைப்பை கடையுது, பித்தநீர் வந்து எண்ணெயச் சோப்பு மாதிரி கரைக்குது. இம்புட்டும் எதுக்கு? கடைசியில இந்தப் பூ உறிஞ்சி ரத்தத்துல சேக்கத்தான். அங்க சேந்தாத்தான் சாப்பாடு. சேராட்டி வெறும் ஊர்வலம். இந்தப் பக்கம் போயி அந்தப் பக்கம் வந்துரும்."

"எங்க டாக்சி ஸ்டாண்டுல சில பேரு சோலி பாக்குற மாதிரி" என்றான் ஃபஹீம். "வருவாங்க, போவாங்க. ஒரு சவாரி ஏறாது."

"அதேதான். இந்தப் புள்ளைக்குப் பூ உதிர்ந்து குடலு மழமழன்னு ஆயிருக்கணும். அதான் எண்ணெய் அப்படியே வெளிய வந்து மெதக்குது. சோறு போடாம புள்ள எளைக்கல சார். போட்ட சோறு ஒட்டல."

ஞானவேல் ஈரத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப அந்த நாப்பத்தெட்டு நாளு மட்டும் எப்படி ஒட்டுச்சு?"

"நல்ல கேள்வி. நான் அதத் தேடித்தான் இங்க உக்காந்திருக்கேன்." சிவபாக்கியம் ஷர்மிளா பக்கம் திரும்பினார். "விரதத்துல புள்ளைக்கு என்னம்மா குடுத்த?"

"நம்ம வீட்டு அடுப்புல ஆக்குனது மட்டுந்தாம்மா. சோறு, பருப்பு, பாலு. முட்ட கிடையாது. வெளிப் பொருள் எதுவும் வீட்டுக்குள்ள வரல."

"மாலையக் கழட்டுனதும்?"

"மறுவாரமே முட்ட குடுத்தேன். நல்லாத்தான் இருந்தா. பங்குனி உத்திரம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தா. அதுக்கப்புறந்தான்..." அவள் யோசித்தாள். "அதுக்கப்புறம் பத்து நாள்ல மறுபடி ஆரம்பிச்சுருச்சு."

"பங்குனி உத்திரத்துக்கு அப்புறம் இந்த வீட்டுக்குள்ள புதுசா என்ன வந்துச்சு?"

கஞ்சி மட்டும் தளக் தளக்கென்று கொதித்தது. சிவபாக்கியம் அந்தச் சத்தம் வந்த பக்கம் பார்த்தார். அடுப்புக்குப் பக்கத்தில், மூடி திறந்தபடி, ஒரு முழம் உயர எவர்சில்வர் தூக்கு இருந்தது.

"இது என்ன மாவு?"

"சத்து மாவும்மா. பழனியில இருந்து அண்ணே கொண்டாந்து குடுக்குறது. மூணு வேளையும் குடுக்கச் சொல்லியிருக்காங்க. எதையும் இவ குடிக்காம விட்டாலும் இத மட்டும் விட மாட்டேன். மெலிய மெலியக் கொஞ்சம் கூடவே போடுறேன்."

சிவபாக்கியம் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, நாக்கில் வைத்தார். "சார், இதுல கோதுமை எவ்வளவு?"

"பாதிக்குப் பாதி" என்றார் ஞானவேல். "சம்பா கோதுமை. எம் பொஞ்சாதி வறுத்து அரைக்கிறது. அது... அது சத்துதானே?"

"நமக்குச் சத்து. சில பேரு குடலுக்குக் கோதுமை ஆகவே ஆகாது. இருபது வருஷத்துக்கு முந்தி ஒரு லாட்ஜ்ல செப்டிக் டேங்க் அடிக்கடி அடைக்குதுன்னு போனேன். இதே எண்ணெய், இதே மெதப்பு. ரெண்டு மாசமாத் தங்கியிருந்த ஒரு வடநாட்டுக் குடும்பத்துப் பையன், பத்து வயசு, ஆறு வயசுப் புள்ள மாதிரி இருந்தான். டாக்டர் கண்டுபிடிச்சாரு. சப்பாத்திய நிறுத்துனதும் பூ மறுபடி மொளச்சு, பையன் ஊருக்குப் போறப்ப சட்டை பத்தல." அவர் கையைத் தட்டினார். "விரதத்துல ஏன் மாவு வரல?"

ஞானவேலின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "மாலை போட்ட வீட்டுக்கு வெளி மாவு ஆகாதுன்னு நான்தான் நிறுத்துனேன். அப்புறம் உத்திரம் வரைக்கும் கடையில பக்தர் கூட்டம். வர முடியல. உத்திரம் முடிஞ்சுதான் கொண்டாந்தேன்."

"மொத மொதல்ல எப்ப குடுக்க ஆரம்பிச்சீங்க?"

ஃபஹீம் வாழ்க்கையில் முதல் தடவையாக நகைச்சுவை எதுவும் சொல்லாமல் தரையைப் பார்த்தான்.

"இவ... இந்த வீட்டுக்கு வந்த வாரம்" என்றார் ஞானவேல். "சித்திக்காரி சோறு போடுவாளோ மாட்டாளோன்னு. நம்பிக்கையில்லாம."

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். சாக்கடை ஓரத்தில் மூக்கைப் பொத்தியவருக்கு இப்போது பொத்துவதற்கு எதுவும் இல்லை. நாற்றம் உள்ளே இருந்தது.

"இது எஞ் சந்தேகந்தான். ரத்தம் எடுத்துப் பாத்துட்டு டாக்டர் சொல்லணும்" என்றார் சிவபாக்கியம். பிறகு மேட்டில் ஏறி, சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று, தனக்குத் தெரிந்த டாக்டரிடம் பேசிவிட்டு வந்தார். நாளைக் காலை கூட்டி வரச் சொல்கிறார், ரத்தம் எடுத்த பிறகுதான் எதையும் நிறுத்தவோ மாற்றவோ வேண்டும் என்கிறார் என்று சொன்னார்.

ஞானவேல் தலையை மட்டும் அசைத்தார். பிறகு யாரிடம் என்றில்லாமல் பேசினார்.

"எம் பொஞ்சாதிகிட்டப் போயி என்னன்னு சொல்லுவேன்? எங்களுக்குப் புள்ளை இல்ல. வியாழக்கெழம வெள்ளனே எந்திரிச்சு, தலைக்குக் குளிச்சு, சாமி கும்பிட்டுட்டுத்தான் வறுக்கவே உக்காருவா. அந்த மாவுதான் புள்ளைய இந்தக் கதியாக்குச்சுன்னு சொன்னா, அவ தாங்க மாட்டா."

ஷர்மிளா அடுப்பை அணைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவருக்கு எட்டாமல் தள்ளி நின்றாள்.

"மதினிகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்கண்ணே. டாக்டர் சரின்னு சொன்னா, புள்ள கேப்பைக் கூழு கேக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. கோதுமைக்குப் பதிலாக் கேப்பை. அவங்க கையாலயே அரைச்சுக் குடுக்கட்டும். அவங்க குடுக்குறது நிக்கக் கூடாது."

ஃபஹீம் இருமினான். தேவையில்லாத இருமல்.

ஞானவேல் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஒன்றரை வருடத்தில் அவள் முகத்தை அவர் முழுதாகப் பார்த்தது அப்போதுதான். பிறகு போனை எடுத்து, அதே மேட்டுக்கு நடந்து போனார். அவர் குரல் காற்றில் கேட்டது.

"தம்பி, இன்னைக்கு ஜீப் வேணாம். நாளைக்கு விடியுமுன்ன வந்துரு. கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு. ஆமா. நான் பின்னாடி உக்காந்துக்கிறேன். முன் சீட்டுல புள்ளையும் அவங்க அம்மாவும்."

ஷர்மிளா அதைக் கேட்டாள். கேட்காததுபோல, சோற்றுப் பானையின் மூடியைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். மணி ஒன்று தாண்டியிருந்தது. சாப்பிடுங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத ஊரில், அந்தச் சொல்லை அவள் மறந்தே போயிருந்தாள். பின்பக்கத்து நாற்றம் காற்று திரும்பியபோது சன்னல் வழியாக உள்ளே வந்து நின்றது.

ஃபஹீமின் முகம் வாழையிலை நிறத்துக்குப் போனது. எச்சிலை விழுங்கினான். வாசலுக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். வந்து, சௌம்யாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, ரொம்பப் பசிக்குது. எனக்கும் ஒரு தட்டு வைங்க" என்றான்.

அது பச்சைப் பொய். சிவபாக்கியம் தன் வேலையில் எத்தனையோ பொய்களைக் கேட்டிருக்கிறார். இதைவிட நல்ல பொய்யைக் கேட்டதில்லை. அவர் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். திரும்பி வந்த ஞானவேல் ஒரு கணம் வாசலிலேயே நின்றார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

ஷர்மிளா தட்டுகளை எடுத்து வைத்தாள். ஒன்று குறைந்தது. குழந்தை எழுந்து போய், தன் தட்டைக் கழுவி எடுத்துவந்து மாமாவின் முன்னால் வைத்தது.